தீயரணை நீக்கினால் இணையம் ஏன் அறுகிறது? – ஒரு மென்பொருள் விபத்தின் வரலாறு

இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் விண்டோஸ் கணினியைப் பயன்படுத்திய பலரும் ஒரு விசித்திரத்தைக் கண்டிருப்பர். பாதுகாப்புக்கென்று நிறுவிய தீயரண் மென்பொருள் ஏதோ ஒரு காரணத்தால் வேண்டாததாகிறது. கன்ட்ரோல் பேனலைத் திறந்து அதை நீக்குகின்றனர். நீக்கம் பாதியில் நின்றுபோகிறது, அல்லது முடிந்ததாகச் செய்தி வருகிறது. கணினியை மீண்டும் இயக்கினால் இணையம் இல்லை. மோடத்தின் விளக்குகள் எரிகின்றன. திரையின் மூலையில் ‘இணைக்கப்பட்டுள்ளது’ என்றே காட்டுகிறது. ஆனால் ஒரு பக்கமும் திறப்பதில்லை. சுவரை இடித்தால் வழி அகலமாக வேண்டும் என்பது பொதுப்புத்தி. இங்கே சுவரோடு வழியும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

இது பயனரின் கவனக்குறைவாகவோ, குறிப்பிட்ட ஒரு மென்பொருளின் பிழையாகவோ மட்டும் எழுந்த சிக்கல் அன்று. தீயரண் என்ற கருவி கணினி வலையமைப்பில் எங்கே நின்றது, அந்த இடம் காலப்போக்கில் எப்படி மாறியது என்பதோடு அது பிணைந்திருக்கிறது. இடம் மாறியது, பெயர் மாறவில்லை. குழப்பத்தின் பாதி இந்தப் பெயரில் இருக்கிறது.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘ஃபயர்வால்’ முதலில் கட்டடக்கலைச் சொல். ஒட்டிக் கட்டிய வீடுகளுள் ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குப் பரவாமல் நிற்கும் தடிப்புச் சுவரை அது குறித்தது. பின்னர் ஊர்திகளில் எஞ்சினையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் தகட்டுக்கும் அதே பெயர் வந்தது. 1980களின் பிற்பகுதியில் கணினி வலையமைப்பாளர்கள் அச்சொல்லைக் கடன் வாங்கினர். தமிழில் அது ‘தீச்சுவர்’ என்றும் ‘தீயரண்’ என்றும் வழங்குகிறது. முன்னது நேர்மொழிபெயர்ப்பு. பின்னது பழந்தமிழ் மரபின் ‘அரண்’ என்னும் சொல்லை உள்ளிழுத்துக்கொண்டது. திருக்குறளின் 75ஆம் அதிகாரத்துக்குப் பெயரே அரண்.

சுவர், அரண் ஆகிய இரண்டுமே அசையாப் பொருள்கள். வழியை மறித்து நிற்பவை. வீட்டுக் கணினிக்குள் நிறுவப்பட்ட தீயரணுக்கு இந்த உருவகம் பொருந்தாது. அது வழியின் குறுக்கே நிற்பதில்லை. வழியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதற்குப் பொருத்தமான உவமை நீரியலில்தான் கிடைக்கும்.

கொச்சியை அடுத்த ஏலூர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரியாற்றின் கிளைகளுக்கிடையே கிடக்கும் நிலம் அது. 1947இல் உற்பத்தியைத் தொடங்கிய ஃபாக்ட் உரத் தொழிற்சாலையால் தொழில்நகரம் ஆனது. அங்கே பாதாளம் என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே பாலத்தோடு கூடிய ரெகுலேட்டர் ஒன்று உண்டு. கோடையில் ஆற்றின் நீர்வரத்து குறையும்போது கடலின் உப்புநீர் மேலேறிவந்து குடிநீரையும் ஆலைகளுக்கான நீரையும் கெடுக்காமல் தடுப்பது அதன் பணி. வெள்ளக் காலத்தில் அதே ஷட்டர்களை உயர்த்தி நீரை வெளியேற்ற வேண்டும். எனவே அது சுவரும் அன்று, திறந்த வாய்க்காலும் அன்று. ஆறு முழுவதும் அதன் வழியாகவே போய்த் தீரவேண்டிய மதகு. இதை வேண்டாம் என்று கருதும் ஒருவர், இறக்கிய ஷட்டர்களை அப்படியே விட்டுவிட்டு அவற்றைத் தூக்கும் எந்திரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும்? காவல் போய்விட்டது, ஆறும் நின்றுவிட்டது. அரைகுறையாய் நீக்கப்பட்ட தீயரண் கணினிக்குள் செய்வது ஏறத்தாழ இதுதான்.

எல்லையில் நின்ற காலம்: 1988–1994

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இல்லை. 1988 நவம்பர் 2 அன்று வெளிவந்த மாரிஸ் புழு, அன்றைய சிறிய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. ஒருவரையொருவர் நம்பிய ஆய்வாளர்களின் வலையமைப்பாக இருந்த இணையத்துக்கு அது பெரும் அதிர்ச்சி. டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனிலும் பெல் ஆய்வகத்திலும் பொதிகளைச் சோதித்து வடிகட்டும் வாயிற்கணினிகள் அந்த ஆண்டுகளில் உருப்பெற்றன. பெல் ஆய்வகத்தின் வில்லியம் செஸ்விக்கும் ஸ்டீவன் பெல்லோவினும் இத்துறையின் முதற்பெரும் நூலை 1994இல் வெளியிட்டனர். 1993இல் இஸ்ரேலில் தொடங்கப்பட்ட செக் பாயின்ட் நிறுவனம், இணைப்பின் நிலையை நினைவில் வைத்துச் சோதிக்கும் ஃபயர்வால்-1 என்னும் பொருளை அடுத்த ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்தது.

இவை யாவும் நிறுவனத்தின் உள்வலைக்கும் வெளியுலகுக்கும் இடையே தனிக் கணினியாய் நின்றவை. நீக்க வேண்டுமானால் கம்பியைக் கழற்றி, இருபுறத்தையும் நேரே இணைத்தால் முடிந்தது. பயனரின் மேசைக் கணினியில் ஒரு கோப்பும் மாறவில்லை. சுவர் என்ற பெயர் பொருந்தியிருந்த காலம் இது.

கணினிக்குள் நுழைந்த காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கடலடிக் கம்பிகள் வந்தன. சீ-மீ-வீ 3, சேஃப் ஆகிய இரண்டு பன்னாட்டுக் கம்பிகள் கரையேறிய இடமாகக் கொச்சி அமைந்தது. 2002இல் கேரள அரசு மலப்புறம் மாவட்டத்தில் அட்சயா திட்டத்தைத் தொடங்கி, குடும்பத்துக்கு ஒருவரேனும் கணினி எழுத்தறிவு பெறவேண்டும் என்ற இலக்கோடு ஊர்தோறும் மையங்களை அமைத்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் பிரௌசிங் சென்டர்கள் பெருகின. எல்லையில் காவல் கணினியும் அதற்கென ஒரு பொறியாளரும் இல்லாத கோடிக்கணக்கான கணினிகள் உலகெங்கும் இணையத்தோடு நேரடியாகப் பேசத் தொடங்கின.

அவற்றுக்காகப் பிறந்தவையே தனியாள் தீயரண்கள். சோன் லேப்ஸ் நிறுவனத்தின் சோன்அலாரம் அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. அதன் இலவசப் பதிப்பு வீட்டுக் கணினிகளில் பரவலாக இடம்பிடித்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் எளிய தீயரண் ஒன்று இருந்தபோதிலும் அது இயல்பாக இயங்கும் நிலையில் இல்லை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழுவும், 2004 ஏப்ரல் இறுதியில் சாசர் புழுவும் பரவியபோது, பயனர் எதையும் சொடுக்காமலேயே, இணையத்தில் இணைந்திருந்த குற்றத்துக்காகவே கணினிகள் வீழ்ந்தன. 2004 ஆகஸ்டில் வெளியான சர்வீஸ் பேக் 2இல்தான் தீயரண் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. அதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் பிற நிறுவனங்களின் தீயரண் இல்லாத கணினி ஆபத்தானது என்னும் எண்ணம் வேரூன்றியது. நியாயமான எண்ணந்தான். ஒன்றிருக்க இரண்டு, இரண்டிருக்க மூன்று என நிறுவியவர்களும் உண்டு.

காவல் செய்ய வேண்டுமானால், போகும் வரும் ஒவ்வொரு பொதியையும் அந்த மென்பொருள் பார்த்தாக வேண்டும். பார்க்க வேண்டுமானால் அது பாதையிலேயே அமர வேண்டும். அமர்வதற்கு விண்டோஸில் அன்று இரண்டு இடங்கள் முதன்மையாக இருந்தன.

இரண்டு மதகுகள்

முதல் இடம் வின்சாக். உலாவியும் மின்னஞ்சல் செயலியும் வலையமைப்போடு பேசுவதற்கான பொது இடைமுகம் இது. 1990களின் நடுவில் வந்த இதன் இரண்டாம் பதிப்பு, ‘அடுக்குச் சேவை வழங்கி’ என்னும் வசதியை வெளியார் மென்பொருள்களுக்குத் திறந்துவிட்டது. இதன் அமைப்பு ஒரு சங்கிலி. செயலியின் கோரிக்கை முதற்கண்ணியிடம் போகும். அது தன் வேலையை முடித்து அடுத்த கண்ணியிடம் ஒப்படைக்கும். இறுதியில் டிசிபி/ஐபி நெறிமுறையை அடையும். கண்ணிகளின் வரிசை பதிவகத்தில் ஓர் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள்கள், சில தீயரண்கள், பிள்ளைகளுக்கான இணைய வடிகட்டிகள் ஆகியவை இந்த வசதியைப் பயன்படுத்தின. கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்ட விளம்பர மென்பொருள்களும் இதே வழியைப் பிடித்தன.

நீக்கும் நிரல் தன் கோப்பை அழித்துவிட்டு அட்டவணையில் உள்ள பெயரை அடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? கோரிக்கை வருகிறது, அட்டவணை அடுத்த கண்ணியின் பெயரைச் சொல்கிறது, அந்தப் பெயரில் கோப்பு இல்லை. சங்கிலி அங்கேயே அறுகிறது. அதன் பின்னே டிசிபி/ஐபியும் வலை அட்டையும் மோடமும் முழு நலத்தோடு இருந்தும் பயனில்லை.

இரண்டாம் இடம் இன்னும் ஆழத்தில், இயக்குதளத்தின் கருவில், வலை அட்டையின் இயக்கிக்கும் நெறிமுறைக்கும் நடுவே. அங்கே அமரும் வடிகட்டி இயக்கிகள் வலை அட்டையோடு ‘பிணைப்பு’ பெறுகின்றன. பயனர் திரையில் காணும் பகுதி நீங்கிய பின்னும் இந்த இயக்கி அகலாமல் தங்கிவிடுவது உண்டு. இங்கே ஒரு வடிவமைப்புக் கேள்வி எழுகிறது: கட்டளையிடும் மேலாளன் இல்லாதபோது காவலன் கதவைத் திறந்துவிட வேண்டுமா, பூட்டிவிட வேண்டுமா? பூட்டுவதே பாதுகாப்புத்துறையின் மரபான விடை. இல்லையெனில் தீநிரல் முதலில் மேலாளனைக் கொன்றுவிட்டு உள்ளே நுழையும். ஆக, தாக்குதலின்போது வலிமையாக விளங்கும் அதே பண்பு, அரைகுறை நீக்கத்தின்போது வீட்டுக்காரரையே வெளியே நிறுத்திப் பூட்டுகிறது.

நோய்க்குறியும் மருந்தும்

இந்த நோயின் குறிகள் அக்கால உதவி மேசைகளுக்கு நன்கு பழகியவை. கணினி ஐபி முகவரி பெற்றிருக்கும்; பிங் கட்டளை வெளி முகவரியிலிருந்து மறுமொழி பெறும்; உலாவி மட்டும் திறக்காது. பிங் அந்தச் சங்கிலியின் வழியே செல்வதில்லை என்பதே காரணம். எனவே பிங் வெற்றிபெற்று உலாவி தோற்றால் ஐயம் முதலில் வின்சாக்கின்மீது விழும். பிங்கும் சேர்ந்து தோற்றால் ஆழத்தில் தங்கிய இயக்கியின்மீது விழும். பிங் பெற்ற மறுமொழி எண்முகவரிக்கு மட்டும் வந்து, பெயர்முகவரிக்கு வராமற்போனால் பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும்.

மருந்தின் வரலாறு நோயின் வரலாற்றைவிடச் சுவையானது. எக்ஸ்பியில் டிசிபி/ஐபி இயக்குதளத்தின் அடிப்படை உறுப்பு. அதைக் கழற்றி மாட்ட முடியாது. எனவே வின்சாக் தொடர்பான இரண்டு பதிவகக் கிளைகளைக் கையால் அழித்து, கணினியை மீண்டும் இயக்கி, டிசிபி/ஐபியை மேலுக்கு மேல் நிறுவுவதே மைக்ரோசாஃப்ட் காட்டிய வழியாக இருந்தது. பதிவகத்தில் ஒரு கிளையைத் தவறி அழித்தால் கணினியே எழாது. தன்னார்வலர்கள் உருவாக்கிய எல்எஸ்பி-ஃபிக்ஸ் போன்ற சிறு கருவிகள் அறுந்த கண்ணிகளை மட்டும் கண்டு நீக்கின. ஒரு ஃபிளாப்பி வட்டில் அடங்கிவிடும் அவை, பழுதுபார்ப்போரின் சட்டைப்பையில் எப்போதும் இருந்தன.

சர்வீஸ் பேக் 2 ‘நெட்எஸ்ஹெச் வின்சாக் ரீசெட்’ என்ற ஒற்றைவரிக் கட்டளையைக் கொண்டுவந்தது. அட்டவணையை முதல்நிலைக்கு மீட்டு, வெளியாரின் கண்ணிகள் அனைத்தையும் அது உதிர்த்துவிடும். ஒரு சிக்கலுக்கு இயக்குதளமே கட்டளை ஒன்றை வகுத்துத் தருகிறது என்றால், அச்சிக்கல் தனிமனிதத் தவறாக அல்லாமல் அமைப்பின் குறையாக ஏற்கப்பட்டுவிட்டது என்று பொருள். 2016இல் விண்டோஸ் 10இன் அமைப்புகள் பகுதியில் வந்த ‘நெட்வொர்க் ரீசெட்’ பொத்தான் இதன் வழித்தோன்றல்.

இன்றும் இத்தகைய விபத்து நேர்ந்தால் முறையான வரிசை இதுவே: பாதியில் நின்ற மென்பொருளை மீண்டும் முழுமையாக நிறுவி, பின் ஒழுங்காக நீக்கிப் பார்ப்பது, முடியாதபோது சேஃப் மோடில் சென்று, அந்நிறுவனமே வழங்கும் நீக்கக் கருவியை இயக்குவது, வலை அட்டையின் பண்புகளில் பழைய வடிகட்டியின் பெயர் எஞ்சியிருக்கிறதா என்று நோக்குவது, அதன்பின் மீட்டமைப்புக் கட்டளையைக் கொடுப்பது. இயக்குதளத்தை அழித்து மறுபடி நிறுவுவது கடைசி வழி. பலரும் அதையே முதல் வழியாகக் கொண்டு, முதுகலை ஆய்வேடுகளையும் குடும்பப் படங்களையும் இழந்தனர்.

2008 ஜூலை 8

மேற்கண்ட சிக்கலின் அரசியலை விளங்கவைக்கும் நிகழ்வு 2008இல் நடந்தது. இணையத்தின் பெயர்முகவரி அமைப்பான டிஎன்எஸ்ஸில் அடிப்படையான ஒரு வலுவின்மையை டான் காமின்ஸ்கி கண்டறிந்தார். அதைக்கொண்டு வங்கியின் பெயரைத் தட்டச்சிடும் ஒருவரைப் போலித்தளத்துக்குத் திருப்ப முடியும். நிறுவனங்கள் பலவும் இரகசியமாகக் கூடிப் பேசி, ஒரே நாளில், ஜூலை 8 அன்று, திருத்தங்களை வெளியிட்டன. கேள்விகள் புறப்படும் துறை எண்ணை ஊகிக்க முடியாதவாறு மாற்றிக்கொண்டே இருப்பது திருத்தத்தின் சாரம்.

விண்டோஸுக்கான அத்திருத்தம் தானாக நிறுவப்பட்டதும், சோன்அலாரம் இருந்த கணினிகளில் இணையம் நின்றுபோனது. சோன் லேப்ஸ் அப்போது செக் பாயின்ட்டின் உடைமை. வலையமைப்புக் கோப்புகள் மாறியிருந்தன. மாறிய போக்குவரத்தை அந்தத் தீயரண் அனுமதிக்கவில்லை. காவலன் தன் கடமையைத்தான் செய்தான். வீட்டுக்காரரின் முகம் மாறியிருந்தது.

பயனர்முன் அப்போது வழிகள் சில இருந்தன. மைக்ரோசாஃப்ட்டின் திருத்தத்தை நீக்கலாம்: இணையம் திரும்பும், டிஎன்எஸ் ஓட்டையும் திரும்பும். தீயரணின் கண்டிப்பு அளவைக் குறைக்கலாம். தீயரணையே நீக்கலாம்: இணையம் திரும்பக்கூடும். காவல் தளரும் அல்லது போகும். ஓரிரு நாள்களில் செக் பாயின்ட் புதிய பதிப்பை வெளியிட்டது. அதுவே சரியான மருந்து. ஆனால் அதை இணையத்திலிருந்து பதிவிறக்க வேண்டும், இணையமோ இல்லை. அறுந்த பாலத்தைச் செப்பனிடும் பொருள் அக்கரையில் கிடக்கும் நிலை.

வேறொரு கணினியோ, விவரமறிந்த நண்பரோ, அலுவலகத்தில் தொழில்நுட்பப் பிரிவோ உடையவர்கள் சில மணிநேரத்தில் மீண்டனர். ஒற்றைக் கணினியை நம்பிய வீடு, பயிற்சி பெற்ற ஆள் இல்லாத சிற்றூர்ப் பள்ளி ஆகியவற்றுக்கு அந்த ஓரிரு நாள்கள் நீளும். ஒரே பிழை எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை.

அமைப்பு கற்ற பாடம்

விண்டோஸ் விஸ்டாவோடு ‘விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம்’ என்னும் புதிய ஏற்பாடு வந்தது. இதன்படி வெளியார் மென்பொருள் பாதையில் தானே கண்ணியாகக் கோத்துக்கொள்ள வேண்டியதில்லை. இயக்குதளம் தானே கட்டிவைத்த மதகுகளில் தன் விதிகளை மட்டும் பதிந்துகொள்ளலாம். அவ்விதிகளைத் தற்காலிகமானவையாகப் பதிந்தால், பதிந்த நிரல் மறையும்போது அவையும் தாமாக மறைந்துவிடும். மதகு அரசினுடையது, ஷட்டரை எப்போது இறக்குவது என்ற ஆணை மட்டும் குத்தகைதாரருடையது என்பது போன்ற ஏற்பாடு. விண்டோஸ் 8 முதல் பழைய அடுக்குச் சேவை வழங்கி முறை கைவிடத்தக்கது என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நீக்கத்தால் இணையம் அறுவது முற்றிலும் ஒழியவில்லை, பெருமளவு குறைந்தது.

ஆனால் ஆழத்தில் அமரும் காவலனின் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் பெற்ற பிழையான ஒரு புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட்டின் கணிப்புப்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. இந்திய விமான நிலையங்களில் பயண அனுமதிச்சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். திருத்தமோ மிக எளியது: சேஃப் மோடில் நுழைந்து ஒரு கோப்பை அழிப்பது. ஆனால் எழாத கணினிக்கு வலையின் வழியே மருந்து அனுப்ப முடியாது. பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் சென்று அமர வேண்டியிருந்தது. 2008இன் அதே அக்கரை மருந்து, பன்மடங்கு பெரிய அளவில்.

யாருடைய உரிமை, யாருடைய பொறுப்பு?

2019 செப்டம்பர் 19 அன்று, கொச்சியில் அமர்ந்துள்ள கேரள உயர் நீதிமன்றம், கல்லூரி விடுதியில் கைப்பேசிப் பயன்பாட்டுக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்த மாணவி ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. இணைய அணுகல், கல்வி உரிமையின் பகுதியும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் தனியுரிமையின் பகுதியும் ஆகும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. 2023 ஜூனில் கேரள அரசு கேஃபோன் என்னும் சொந்த ஒளியிழை வலையமைப்பைத் தொடங்கியது. அணுகல் உரிமையாகிறது, அரசு கம்பியை வீட்டுவாசல் வரை கொண்டுவருகிறது. ஆனால் உரிமை, வாசலுக்கு உள்ளே, ஒரு பதிவக அட்டவணையின் அடிக்கப்படாத வரியில் அறுந்துகிடக்கக்கூடும் என்பதை இவ்வரலாறு சொல்கிறது. அங்கே நீதிமன்ற ஆணையோ ஒளியிழையோ எட்டாது. எட்டுவது பழுதுநீக்கும் அறிவு ஒன்றே. அது இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பெரும்பாலும் இணையத்திலேயே கிடக்கிறது. தமிழிலோ மலையாளத்திலோ அச்சிட்ட ஓர் ஒற்றைத் தாள் பள்ளிக் கணினி அறையின் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் எத்தனையோ கணினிகள் வீணே அழித்து நிறுவப்பட்டிரா.

பாதாளம் ரெகுலேட்டரிடமிருந்து கடைசியாக ஒன்றைக் கற்கலாம். 2024 மே மாதம், அதன் ஷட்டர்கள் திறக்கப்பட்டதை அடுத்துப் பெரியாற்றில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. கூண்டு மீன் வளர்ப்போர் பேரிழப்புக்கு உள்ளாயினர். காரணம் யாது, பொறுப்பு யாருடையது என்பதில் அரசுத் துறைகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஆற்றின் குறுக்கே ஒரு மதகு நின்றுவிட்டால், அதை மூடுவது மட்டுமன்று, திறப்பதும் பொறுப்புள்ள செயலாகிவிடுகிறது. மென்பொருளிலும் அவ்வாறே. நிறுவும் நிரலை நூறு முறை சோதிக்கும் நிறுவனங்கள் நீக்கும் நிரலைக் கடைசி வாரத்தில் எழுதுகின்றன. விலகிப்போகும் வாடிக்கையாளர்மீது யாருக்கும் அக்கறை இருப்பதில்லை.

அரண் என்பது பகைவர் கொள்வதற்கு அரியதாய் இருந்தால் மட்டும் போதாது, உள்ளிருப்போர் நிலைத்து வாழ்வதற்கு எளியதாகவும் இருக்க வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். தீயரண்களின் நாற்பதாண்டு வரலாற்றில் முதற்பாதிக்குப் பொருள்கள் ஏராளமாக எழுதப்பட்டுள்ளன. இரண்டாம் பாதியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: அந்த அரணை வேண்டாம் என்று சொல்லும் நாளில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது.